ஏழாவதாக இருக்கட்டும்

கோபி,
தை 20

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. நாங்கள் நலம். பெரியம்மாவின் முட்டிவலிதான் மார்கழி போயும் போகவில்லை. போனில் பேசலாம் என்று இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். போனில் என்றால் நீ பதில் சொல்வாய், எனக்குக் கோபம் வரும். அதனால்தான் கடிதம்.

பொங்கல் விழாவில் நீ மைக்கைப் பிடித்துப் பேசினாயே, மஞ்சள்தூள் விற்பனையில் பத்து சதவீதம் ஊருக்கும் தர்மத்துக்கும் என்று. பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு, கோயம்புத்தூரில் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு உதவி, ஆதரவற்றோர் இல்லத்துக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி. ஊரே கைதட்டியது, நானும் தட்டினேன். பெரியம்மா அழுதேவிட்டாள். பெங்களூர் வேலையை விட்டு வந்த பிள்ளை மூன்றே வருஷத்தில் இப்படி நிற்கிறதே என்று பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

விற்பனையில் என்று சொன்னாய் கண்ணு, லாபத்தில் என்று சொல்லவில்லை. போன மாதம் நீ காட்டிய நோட்டை வைத்தே பேசுகிறேன். நூறு ரூபாய்க்குத் தூள் விற்றால் வெட்டுக்கூலி, வேகவைக்க விறகு, பாலிஷ், அரவை, பாக்கெட், கூரியர், கடைக்காரர் கமிஷன் எல்லாம் போக உன் கையில் நிற்பது பதினாலு. அதில் பத்தைக் கொடுத்தால் மிச்சம் நாலு. மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். வைகாசியில் நடும்போது தை மாத விலை யாருக்குத் தெரியும்? 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வந்தது, நல்லதுதான். அதற்காகப் பெருந்துறை ஏலத்தில் யாரும் நமக்கு விலை எழுதிக் கொடுத்துவிடவில்லை.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. மஞ்சள் வெட்டிய பெண்களுக்கு இரண்டு சனிக்கிழமைக் கூலி நிற்கிறதாமே? யார் சொன்னது என்று கேட்காதே. போர்டுக்குச் செக் போய்விட்டது, அவர்களுக்கு மட்டும் 'அடுத்த வாரம் பாக்கலாங்க்கா'. அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துப் பார்த்தாயா?

நம் வீட்டில் இது முதல் தடவை இல்லை. அந்தக் கோயில் வளைவு விஷயத்தை உன் அப்பன் உன்னிடம் எப்படிச் சொல்லியிருக்கிறானோ, நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2011 தொடக்கத்தில் குவிண்டால் 17,000 ரூபாய்க்குப் போனபோது, விற்றுவிடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இருபதைத் தொடும் என்று குடோனில் அடுக்கினான். அந்தத் தைரியத்தில் கும்பாபிஷேகக் கூட்டத்தில் எழுந்து, கோயில் வளைவு என் செலவு என்றும் சொல்லிவிட்டான். 2012இல் நாலாயிரத்துச் சொச்சத்துக்குத் தள்ளினோம். சபையில் கொடுத்த வாக்காயிற்றே! உன் அம்மா வளையல் போயிற்று, கிணத்துமேட்டுத் தோட்டம் போயிற்று. வெட்டுக்கூலி தீபாவளி வரை நின்றது. உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அந்தம்மா, தீபாவளிக்கு முதல்நாள் வாசலில் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் நம் காட்டுக்கு வரவே இல்லை. வளைவில் உன் அப்பன் பெயர் கிரானைட்டில் மின்னுகிறது. நான் இன்றைக்கும் அதற்கடியில் போவதில்லை, மேற்கு வீதி சுற்றித்தான் கோயிலுக்குப் போகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். கூட்டுறவுக்கு உலகம் முழுக்க ஏழு கொள்கைகள். ஏழாவது, சமுதாயத்தின்மேல் அக்கறை. அதை 1995இல் மான்செஸ்டரில்தான் சேர்த்தார்கள். உறுப்பினர் உரிமை, அவர்கள் போட்ட பணம், அவர்களுக்குக் கல்வி எல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன. கடைசியில் வந்தது என்பதால் அது சின்னது என்று சொல்லவில்லை. உள்ளே இருப்பவன் வயிறு காய்ந்தால் வெளியே செய்வது நிலைக்காது என்கிறேன். வள்ளலார் பெயரை மேடையில் சொன்னாய். வடலூர் தருமசாலை அடுப்பு 1867இலிருந்து அணையவில்லை. யாரோ ஒருவர் மேடையேறி வாக்குக் கொடுத்ததாலா? ஊர் ஊராக நெல்லும் அரிசியுமாக இன்றைக்கும் வந்துகொண்டிருப்பதால்.

இப்போது உன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே செய்துகொண்டு போகலாம். அல்லது சனிக்கிழமைக் கூலியை முதலில் தீர்த்து, அடுத்த நடவுக்கு விதைமஞ்சளும் உரமும் எடுத்து வைத்து, ஒரு விலைச் சரிவைத் தாங்க ஒரு தொகை ஒதுக்கி, ஆடியில் கணக்கு முடித்து, நிற்கிற லாபத்தில் இருபது சதவீதம் கொடுக்கலாம். பத்து இருபதாகிறது, ஊர் குறை சொல்லாது. அதிலும் முதல் பங்கு நம் பள்ளிக்கூடம், அங்கன்வாடி. கோயம்புத்தூர் பிறகு. யாருக்குக் கொடுத்தாலும் செக்காகக் கொடு, ரசீது வாங்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகையும் கிடையாது. எந்த வழி என்பது உன் இஷ்டம், நான் தலையிட மாட்டேன். இரண்டாவதற்குக் கணக்குப் போட்டு நாலு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன்.

எழுதியதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "புள்ள நல்லது செஞ்சா அதுக்கும் தணிக்கையா?" என்று திட்டுகிறாள். அவள் சொல்வதும் சரிதான். உன் ஆத்தாவுக்குப் பிறகு நம் வம்சத்தில் உன்னைப் போலக் கொடுக்கிற மனசு யாருக்கும் வாய்க்கவில்லை, எனக்கும்தான். உன் வயதில் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட யோசித்தவன் நான். மேடையில் நீ நின்றபோது உன் ஆத்தாவையே பார்த்த மாதிரி இருந்தது. நீ எது செய்தாலும் தங்கமாகத்தான் வரும்.

இதோடு பத்தாயிரத்துக்குச் செக் வைத்திருக்கிறேன். கூலிக்குக் குறைந்தால் அதற்கு எடுத்துக்கொள், குறையாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு. என் பெயரை எங்கேயும் போடாதே. பெரியம்மா பெயரை வேண்டுமானால் போட்டுக்கொள், சின்ன எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வா. நாட்டுக்கோழி சொல்லி வைத்திருக்கிறது. உன் அப்பனையும் கூட்டி வா, வளைவைப் பற்றிப் பேசமாட்டேன்.

ஆசிகளுடன்,
பெரியப்பா