பழவேற்காட்டு மெக்கானிக் தம்பிக்கு



பழவேற்காட்டில் புதிதாக ஒர்க்‌ஷாப் போடுகிறவனிடம் அதிகம் வரப்போகும் வண்டி எதுவென்று சொல்ல ஜோசியம் வேண்டாம். மீன் ஏற்றும் குட்டி யானைதான். 2005இல் வந்த டாடா ஏஸ்: முக்கால் டன் பாரம், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம், 12 அங்குலச் சக்கரம். ஏரி இறாலும் நண்டும் பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் போவது இந்த மாதிரி வண்டிகளில்தான்.

மேடு பள்ளமும் வண்டியைக் கெடுக்கும். ஆனால் இங்கே அதைவிடப் பொல்லாதது ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆரணியாறு பெருகும் மாதங்களில் ஏரியின் உப்பு குறையும். முகத்துவாரம் தூர்ந்த கோடையில் கடலையே மிஞ்சும். மீனோடு ஏறும் அந்த நீர் ஐஸ் உருகலோடு கலந்து சேஸிஸ் மேல் சொட்டுகிறது. காய்ந்ததும் தொல்லை விட்டது என்று டிரைவர் நினைப்பார். விடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடலோர ராத்திரிகளில் அது சர்வசாதாரணம். நிறுத்தி வைத்த வண்டியையும் துரு தின்பது இப்படித்தான்.

எனவே முதல் வைத்தியம் நல்ல தண்ணீர். வாட்டர் சர்வீஸ் விடுமுன் அந்தத் தண்ணீரை ஒரு வாய் ருசி பார். போர் தண்ணீரே கரிக்கும் இடங்கள் இந்தக் கரையில் உண்டு. அதைப் பீய்ச்சுவது உப்பை உப்பால் கழுவுவது. குடிதண்ணீருக்கே குடம் வரிசை நிற்கும் குப்பத்தில் வண்டி முழுக்கக் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்காது. கிடைக்கிற இரண்டு வாளியையும் பின் டிரம், ஸ்பிரிங் ஷேக்கிள், பிரேக் பைப் போகும் சேஸிஸ் உள்பக்கம் ஆகியவற்றில் ஊற்றச் சொல்.

பிரேக்குக்கு வருவோம். சுமை இறக்கிவிட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து ராத்திரி நிறுத்திய வண்டி, காலையில் நகர மறுக்கும். ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் பழக்கு. டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்பைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதே. இந்தத் தொழிலில் தலைமுறையாக வரும் கெட்ட பழக்கம் அது. கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பும், பிரேக் பிடித்தபடியே நிற்கும். பிரேக் ஆயிலிலேயே கழுவு. அந்த ஆயிலும் ஈரம் குடிப்பதுதான்: டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பின் 140 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது தரவிதி. நிறம் நன்றாகத்தானே இருக்கிறது என்று உரிமையாளர் வாதாடினாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று.

குப்பத்து மணலில் புதைந்தால் காற்றை இறக்கி வண்டியை ஏற்றுவார்கள். சரிதான். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று பிடிக்காமல் பாரத்தோடு ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, வயதையும் பார். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்.

ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஊர் சுற்றுகிறவர்கள், திரும்பியதும் முதலில் அடிப்பாகத்தையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். விடுமுறைக்குப் போகிற வண்டிக்கே அவ்வளவு பார்க்கிறார்கள். இங்கே தினமும் உப்பில் குளிக்கிற வண்டிக்கு எப்.சி. வந்தால்தான் கவனிப்பு!

அதுவும் எப்படி? எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம் எப்.சி. அதற்கு முந்தின வாரம் சேஸிஸுக்குக் கறுப்பு பெயின்ட். அது பளபளப்பு, பாதுகாப்பு அல்ல. பிரஷ்ஷை எடுக்குமுன் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. கணீரென்றால் இரும்பு இருக்கிறது. சத்தம் மழுங்கினால் துரு ஏடு ஏடாக நிற்கிறது. அதைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, பிறகு பெயின்ட். ஓட்டை விழுந்திருந்தால் மேலே தகடு ஒட்டி மூடாதே. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்த பிறகே வெல்டிங். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய். சேஸிஸுக்குக் கழிவு ஆயில் பூசச் சொல்வோரும் உண்டு. பிரேக் ஹோஸிலும் ஷூவிலும் அது பட்டால் கதை கந்தல்.

இதற்கெல்லாம் கூலி கேட்கக் கூச்சப்படாதே. கழற்றிய டிரம்மையும் உதிர்ந்த துருவையும் உரிமையாளர் கண்முன் வை. டிரம் திறந்து பார்த்ததற்குத் தனியாக ஒரு வரி எழுதிப் பில் கொடு. கறுப்பு பெயின்ட் மட்டும் அடித்துத் தரச் சொல்லும் வண்டியை, காசு வந்தாலும், திருப்பி அனுப்பிவிடு.