நம்ம மாட்டுப் பாலானாலும் காய்ச்சித்தான் குடிக்கணும்



சிங்கப்பூர்த் தேக்காவுக்குப் போனவர்கள் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். மலாய் மொழியில் கெர்பாவ் என்றால் எருமை, லெம்பு என்றால் மாடு. பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரி பெயரிலும் ஒரு ரோடு உண்டு. ஒரு காலத்தில் அங்கே மாட்டுக் கொட்டகைகள் நிறைந்திருந்தன. பால்காரர்கள் வீடு வீடாகப் பால் ஊற்றினார்கள். நகரம் வளர்ந்தது, கொட்டகைகள் போயின. இன்று சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் பால், சூடாக்கிக் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

"நாங்க விக்கலையே! எங்க மாடு, எங்க பால், எங்க பிள்ளை குடிக்குது. இதுல சட்டத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பால் சட்டங்கள் பெரும்பாலும் விற்பவரைத்தான் பிடிக்கும். நம்ம கொட்டகைக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார். ஆனால் கிருமி வரும். ஆகவே, பால் காய்ச்சுகிறவர்தான் அந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர்!

மாடு கொழுகொழுவென்று இருந்தாலும் அதன் பாலில் காசநோய்க் கிருமியோ, புருசெல்லா கிருமியோ இருக்கலாம். புருசெல்லா வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி. கர்ப்பிணிக்குக் கரு கலையவும் கூடும். கறக்கும் கை, பாத்திரம், சாணம் வழியாக வயிற்றுப்போக்கு வரும்.

"கறந்த சூட்டோடு குடிச்சா பலம்" என்பார்கள் பெரியவர்கள். அந்தச் சூடு மாட்டின் உடம்புச் சூடுதான். அதில் கிருமி சாகாது, பெருகும். காய்ச்சுவதால் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போய்விடாது.

செய்ய வேண்டியவை:

1. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடையுங்கள்.

2. முதல் பீச்சுப் பாலைத் தனியே கறந்து பாருங்கள். திரிதிரியாகவோ இரத்தமாகவோ இருந்தால் அந்தப் பால் வேண்டாம்.

3. பால் பொங்கியதும் இறக்கிவிடாதீர்கள். தீயைக் குறைத்து, கிளறி, இன்னும் சில நிமிடம் கொதிக்க விடுங்கள்.

4. மூடி வையுங்கள். காய்ச்சிய பாலில் பச்சைப் பாலைக் கலக்காதீர்கள்.

5. ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்.

6. மாடு கன்று வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விடாமல் இருந்தால், "எங்க வீட்டில் மாடு இருக்கு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்க உதவும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தாலும், காய்ச்சியே கொடுங்கள்!