மருந்துக்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்றழுகலும் அடிச்சாம்பல் நோயும் படுத்தும். மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் சாம்பல் நோய் தலைகாட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கரைசலை அடித்துப் பயனில்லை.

வெண்டை, பூசணி இலையின் மேல்புறம் மாவு தூவியதுபோல் வெளுத்து, தேய்த்தால் விரலில் ஒட்டினால் அது சாம்பல் நோய். பீர்க்கு, பாகல் இலையில் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் விழுந்து, அடிப்புறம் சாம்பலும் ஊதாவுமாகப் பூத்திருந்தால் அடிச்சாம்பல். முன்னதற்குக் காற்றின் ஈரமே போதும். பின்னதற்கு இலைமேல் தண்ணீர் தங்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம் அடிக்கடி சொல்வாள்: "ஏட்டி, பொழுதடைய எலையில தண்ணி ஊத்தாத. ராவெல்லாம் நனஞ்சி கெடக்கும்லா." காலையில் தூரில் மட்டும் ஊற்றுங்கள். பந்தலில் அடர்ந்த இலைகளைக் கழித்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். அடிச்சாம்பலுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் நான் கண்டதில்லை.

சாம்பல் நோய்க்கு நான் நம்புவது புளித்த மோர். ஒரு லிட்டர் மோரை ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். முதல் வெள்ளைப் பொட்டு தெரிந்ததுமே தொடங்கினால்தான் கேட்கும். முழுக்க வெளுத்த இலையைக் கிள்ளி எரித்துவிடுவதே மேல். பாலுக்கும் இந்தக் குணம் உண்டு. பூசணி இனமான சுக்கினியில் தண்ணீர் கலந்த பசும்பாலைத் தெளித்துச் சாம்பல் நோய் குறைவதை பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெத்தியோல் 1999-இல் ஆய்விதழில் எழுதினார்.

மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று தரையோடு இற்று விழுந்தால் அது நாற்றழுகல். அதற்கு மோர் உதவாது. நாற்றங்காலை மேட்டுப்பாத்தியாகப் போட்டு, தண்ணீர் வடிய விடுங்கள். விதைக்கும்முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கலாம். அது உயிருள்ள பூஞ்சை. காலாவதி தேதி பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைத்திருங்கள். தாமிர மருந்தோடு சேர்க்காதீர்கள்.

எந்த நோய் என்று பிடிபடவில்லையா? கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நமக்குப் பக்கம்தான். நோய் கண்ட இலையை எடுத்துப்போய்க் காட்டுங்கள். காகித உறையில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகிவிடும்.