கற்றுக்கொண்டே கற்பிக்கலாமா?

கேள்வி: வலைத்தள உருவாக்கத்தை இன்னும் படித்துக்கொண்டிருப்பவர், புதியவர்களுக்கு அதைச் சொல்லித்தரலாமா?

பதில்: எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். கொண்டு ஒரு பக்கத்தையாவது தானே கட்டிமுடித்தவர், அந்த அளவுக்குத் தாராளமாகச் சொல்லித்தரலாம். தான் எங்கே இடறினோம் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கும். பத்தாண்டு அனுபவசாலிக்கு அது மறந்திருக்கும். தெரியாதவரின் நிலையிலிருந்து பார்க்க முடியாத இந்த நிலைக்கு 1989-இல் பொருளியல் ஆய்வாளர்கள் ‘அறிவின் சாபம்’ என்று பெயரிட்டனர்.

சிக்கல் வேறிடத்தில்: காரணம் புரியாமல் கற்பிப்பதில். எடுத்துக்காட்டாக, 300 பிக்சல் அகலம் கொடுத்த பெட்டிக்கு இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) சேர்த்தால், திரையில் அது 340 பிக்சலாக விரிகிறது. சி.எஸ்.எஸ்.-இன் இயல்பான கணக்கில் அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. ‘பார்டர்-பாக்ஸ்’ என்ற வரி இதைச் சரிசெய்யும். காரணம் புரியாமல் அந்த வரியை மனப்பாடமாக ஒப்பித்தால் மாணவருக்கும் மந்திரம்தான் மிஞ்சும். விடை தெரியாதபோது சமாளிக்காமல், மாணவர்கள் முன்னிலையிலேயே உலாவியின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து எண்களை மாற்றிப் பார்ப்பது நல்லது; தவற்றைத் தேடிப் பிடிக்கும் முறையையும் அவர்கள் அப்போது பார்க்கிறார்கள். பிறகு எம்.டி.என். என்ற வலைத் தொழில்நுட்ப ஆவணத் தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

கடவுச்சொல், பணப் பரிமாற்றம் ஆகியவற்றை மட்டும் அரைகுறையாகத் தொடக் கூடாது. கடவுச்சொல்லை அப்படியே தரவுத்தளத்தில் சேமிக்கச் சொல்லித்தந்தால், பாதிப்பு மாணவர் கட்டும் தளத்தின் பயனர்களுக்கு.