கையசைத்து ஆடும் வீடியோ கேம்: வாங்கும் முன் 14 குறிப்புகள்

முழுப் பரீட்சை லீவு விட்டதும் எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் ஒரே பேச்சு. உடம்பை அசைத்து ஆடும் வீடியோ கேம் வாங்கலாமா, வேண்டாமா? "உக்காந்துகிட்டே ஆடுறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகை விளையாட்டில் பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் ஹாலும் உங்கள் வீட்டு மனிதர்களின் பழக்கமும் இதற்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள். டிவியிலிருந்து சோபா வரை எத்தனை அடி? கேமரா முன்னால் வெறுங்கையோடு நின்று ஆடும் எக்ஸ்பாக்ஸ் கினெக்ட்டுக்கு ஒருவர் ஆட சுமார் ஆறடி, இருவர் ஆட எட்டடி தூரம் தேவை. கையில் கன்ட்ரோலர் பிடித்து ஆடும் நிண்டெண்டோ வகைகளுக்கு அத்தனை தூரம் வேண்டாம். ஆனாலும் இரண்டு பேர் கையை வீசினால் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காத அகலம் வேண்டும். டீப்பாயையும் நாற்காலியையும் நகர்த்தினால்தான் இடம் கிடைக்கும் என்றால், தினமும் அவற்றை நகர்த்தி, திரும்ப வைப்பது யார் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். முதல் வாரம் எல்லாரும் ஓடிவருவார்கள். இரண்டாவது மாதம் அந்த வேலைக்கு அலுத்துக்கொண்டே பெட்டியைத் தொடாமல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

2. அடுத்தது சீலிங் ஃபேன். வீட்டிலேயே உயரமானவரை ஆடப்போகும் இடத்தில் நிற்கவைத்து, ஃபேனை அணைத்துவிட்டு, கையில் ஒரு ஸ்கேலைக் கொடுத்து மேலே தூக்கச் சொல்லுங்கள். டென்னிஸ் சர்வீஸ் போடும்போதும் வாலிபாலை அடிக்கும்போதும் கை தலைக்கு மேல் போகும். ஆட்ட வேகத்தில் பிள்ளைகள் குதிக்கவும் செய்வார்கள். இறக்கைக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளியாவது இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஆடச் சொன்னால் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

3. என்ன பெட்டி என்று கேட்பதற்கு முன், யார், எந்த விளையாட்டை ஆடப்போகிறார்கள் என்று கேளுங்கள். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். வீடே சேர்ந்து ஆட வேண்டுமா? நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்கு 2022இல் வந்த ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் பொருத்தமாக இருக்கும். டென்னிஸ், பேட்மின்டன், பௌலிங், வாலிபால் எல்லாம் அதில் உண்டு. கையை எப்படி வீச வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் தினமும் உடற்பயிற்சி செய்ய நினைக்கிறாரா? அதே பெட்டிக்கு 2019இல் வந்த ரிங் ஃபிட் அட்வென்சர் பாருங்கள். ஒரு கன்ட்ரோலரை வளையத்தில் பொருத்தி, இன்னொன்றைத் தொடையில் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு கதைக்குள் முன்னேற வேண்டும். நாலு நாள் செய்தாலே தொடை வலி தெரியும். வீட்டில் நடனப் பிரியர்கள் இருந்தால் ஜஸ்ட் டான்ஸ். "சும்மா, எல்லாத்தையும் ஆடுவோம்" என்பதுதான் பதிலென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

4. ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் ஜஸ்ட் டான்ஸுக்காகப் புதுப் பெட்டி தேட வேண்டாம். செல்போனில் அதற்கான செயலியை இறக்கி, போனையே கையில் பிடித்து ஆடலாம். நழுவாமல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

5. ஸ்விட்ச் லைட் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதை டிவியில் இணைக்க முடியாது; கன்ட்ரோலர்களும் பெட்டியோடு ஒட்டியே இருக்கும், கழற்ற வராது. கையசைத்து ஆடும் ஆசைக்கு அது உதவாது. புதிய ஸ்விட்ச் 2 (2025 ஜூன் மாதம் வந்தது) வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதனோடு வரும் ஜாய்கான் கன்ட்ரோலர் ரிங் ஃபிட் வளையத்தில் பொருந்தாது. பழைய ஜாய்கான் தனியாக வாங்கித்தான் ஆட முடியும்.

6. பெட்டி விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். ஸ்விட்ச்சோடு ஒரு ஜோடி ஜாய்கான் வரும். ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டு பேர். நால்வர் சேர்ந்து ஆட இன்னொரு ஜோடி வேண்டும். 2017இல் அமெரிக்காவில் பெட்டி 299.99 டாலருக்கு வந்தபோதே கூடுதல் ஜோடி 79.99 டாலர், அதாவது பெட்டி விலையில் கால் பங்குக்கும் மேல். அதன்பின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி விலை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

7. பழைய நிண்டெண்டோ வீ மலிவாகக் கிடைத்தால்? 2006இல் வந்து, பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. கையசைத்து ஆடுவதை உலகமெங்கும் தாத்தா பாட்டிகளுக்கும் பழக்கியது அதுதான். எனக்கு அதன்மேல் இன்றும் பிரியம் உண்டு. ஆனால் வாங்கும் முன் நாலு விஷயம் பாருங்கள். அதில் எச்.டி.எம்.ஐ. கிடையாது, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய ஏ.வி. வயர்தான். உங்கள் புது டிவியில் அந்தத் துளைகள் இல்லாவிட்டால் ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதன் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே டிஸ்க் இருந்தால்தான் விளையாட்டு. ஒரு நாட்டுப் பெட்டியில் இன்னொரு நாட்டு டிஸ்க் ஓடாமல் போகலாம் என்பதால் பெட்டியையும் டிஸ்க்கையும் சேர்த்தே ஓட்டிப்பார்த்து வாங்குங்கள். ரிமோட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பென்சில் பேட்டரி வேண்டும். ரீசார்ஜ் வகை வாங்கினால் செலவு மிச்சம்.

டிவிமேல் வைக்கும் சென்சார் பட்டை உண்மையில் எதையும் உணர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் சிறு விளக்குகள்தான் அதில் இருக்கின்றன; அவற்றைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. ஆகவே டிவி பக்கத்தில் குத்துவிளக்கோ மெழுகுவத்தியோ எரிந்தால் திரையில் சுட்டி தடுமாறும். ரிமோட் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

8. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பழைய வீ கொண்டுவருகிறார் என்றால், அடாப்டரின் அடியில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். அங்கே விற்றது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் கெட்டுப்போகும். ஸ்விட்ச் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். அதற்குப் பிளக் மாற்றும் முனை மட்டும் போதும்.

9. கினெக்ட் தயாரிப்பு 2017இலேயே நின்றுவிட்டது. யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் காலம் போய்விட்டது.

10. "உடம்பு குறையும்" என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்க வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு காரணம்தான். 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லிவர்பூல் ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 15 வயதுள்ள 11 பேர் வீ விளையாட்டுகளை ஆடினார்கள். உட்கார்ந்து ஆடுவதைவிட அதிக சக்தி செலவானது உண்மை. ஆனால் நிஜ மைதானத்தில் அதே விளையாட்டை ஆடும் அளவுக்கு இல்லை. 2012இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீ கொடுத்து, சிலருக்கு உடம்பை அசைக்கும் விளையாட்டுகளையும் சிலருக்கு உட்கார்ந்து ஆடுவதையும் தந்து, 13 வாரம் கவனித்தார்கள். இரு தரப்பின் அன்றாட உடல் உழைப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் ஓடியாட மாட்டார்கள். யாராவது கூட நின்று ஆட வேண்டும், நேரம் குறித்து ஆட வேண்டும். அந்த நேரம் உங்களிடம் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

11. தோள்பட்டை பத்திரம். 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஸ்பெயின் மருத்துவர் ஒருவர் எழுதிய கடிதத்தில் 'வீயைட்டிஸ்' என்றே ஒரு பெயர் வைத்தார். 29 வயதுக்காரர் வீ டென்னிஸை மணிக்கணக்கில் ஆடி, மறுநாள் வலது தோள் வலியோடு எழுந்த கதை. நிஜ மட்டைக்கு எடை உண்டு, ஓட வேண்டும், சீக்கிரமே மூச்சு வாங்கி நிறுத்திவிடுவோம். இதில் அந்தத் தடை இல்லை. முதல் வாரம் அரை மணியோடு நிறுத்துங்கள். கையை முழுதாக வீசத் தேவையில்லை, மணிக்கட்டை அசைத்தாலே பந்து போகும்.

12. மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் யாரும் ஆடக்கூடாது, விருந்தாளியாக இருந்தாலும் சரி. வீ வந்த புதிதில் பட்டை அறுந்து ரிமோட் பறந்ததால், 2006 டிசம்பரில் நிண்டெண்டோ 32 லட்சம் பட்டைகளை மாற்றித்தர முன்வந்தது. வியர்த்த கையில் எதுவும் நிற்காது. பக்கத்தில் ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

13. பெரியவர்களுக்கு பௌலிங் நல்லது. மெதுவான ஆட்டம், முதுகுப் பக்கம் ஒரு கனமான நாற்காலி இருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வலிப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஆட வேண்டாம். மாடி வீட்டுக்காரர்களுக்கு: ரிங் ஃபிட்டில் சத்தமில்லாத முறை உண்டு, ஓடுவதற்குப் பதில் லேசாக முட்டி மடக்கினால் போதும். கீழ்வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கட்டும்.

14. எல்லாம் சரியென்று பட்டாலும் பதினைந்து நாள் பொறுங்கள். டிவியில் யூடியூபைப் போட்டு, ஏதாவது ஒரு நடன வீடியோவுக்கு அதே இடத்தில் நின்று தினம் இருபது நிமிடம் ஆடட்டும். முடிந்தால் நண்பர் வீட்டுப் பெட்டியை ஒரு வாரம் இரவல் வாங்குங்கள். ஆடிய நாளுக்குக் காலண்டரில் ஒரு டிக். பத்து டிக்குக்கு மேல் விழுந்தால் தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய பின் டிவியில் 'கேம் மோட்' போட்டால் கையசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதம் குறையும். டிக் ஐந்துக்குக் கீழே என்றால் இரண்டு ஷட்டில் மட்டையும் ஒரு டப்பா இறகுப் பந்தும் வாங்கிக்கொடுத்து, காற்றடங்கிய சாயங்காலத்தில் நீங்களும் கூடவே தெருவில் இறங்குங்கள்.