‘என்ன சைஸ்?’ – பழைய லாரியின் பிரேக்கில் ஓர் அளவீட்டுப் பாடம்

வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு என்ன என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘0.01 செ.மீ.’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த 0.01 செ.மீ. யாருக்கு, எதற்குத் தேவைப்படுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நாமக்கல் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியில் பல பிள்ளைகளின் வீட்டில் ஓட்டுநரோ பட்டறைத் தொழிலாளியோ இருக்கிறார். அதனால் இந்தக் கேள்விக்கு விடையைப் பட்டறையிலேயே தேடலாம் என்று முடிவு செய்தேன்.

மாணவர் ஒருவரின் தாத்தாவிடம் 1960-களில் வாங்கிய லாரி ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக நின்றுகிடந்த அதை மீண்டும் ஓட்டிப் பார்க்க அவருக்கு ஆசை. எஞ்சின் ஓடியது, பிரேக் பிடிக்கவில்லை. அந்த மாடலுக்கு இப்போது புதிய உதிரிபாகங்கள் வருவதில்லை. உள்ளூர்ப் பழைய சாமான் கடைகள், லேத் பட்டறை, சென்னை புதுப்பேட்டை என்று ஒவ்வோர் இடமாகத் தேடித்தான் சேர்க்க வேண்டும். மெக்கானிக்கின் அனுமதியோடு அந்தத் தேடலைப் பாடமாக்கினோம்.

முதல் வேலை: வகைப்படுத்துதல்

பிரித்துத் துடைத்து வைத்த பாகங்களை மாணவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ரப்பர் கப், ஹோஸ், பிரேக் ஆயில் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் வைத்து ரிவிட் அடிக்கலாம். டிரம்மை அதன் வரம்புக்குள் லேத்தில் கடையலாம். அரித்துப்போன சிலிண்டருக்கு உள்ளே ஸ்லீவ் போடலாம். துருப்பிடித்த பைப்புகளைப் பழைய நீளத்துக்கு அளந்து புதிதாகச் செய்ய வேண்டும்.

இரண்டாம் வேலை: அளத்தல்

கடையில் லாரியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “என்ன சைஸ்?” பழைய கப்பை அளந்து சொல்வதால் பயனில்லை, அது தேய்ந்தோ வீங்கியோ இருக்கும். சிலிண்டரின் உள்விட்டத்தைத்தான் அளக்க வேண்டும். வெர்னியரின் மேல் தாடைகளுக்கு அன்றுதான் வேலை வந்தது. மூன்று பேர் தனித்தனியே அளந்ததில் 25.4, 25.4, 25.3 மி.மீ. என்று வந்தது. அதாவது 1 அங்குலம்.

முதல் கடையில் கிடைத்தது 25 மி.மீ. கப். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் 0.4 மி.மீ. குறைந்தால் கப்பின் விளிம்பு சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் இறுக்கம் குறைந்து, திரவம் கசிய வழி ஏற்படும். மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல் இந்த வித்தியாசத்தை உறுதியாகக் காட்டாது, வெர்னியர் காட்டும். மீச்சிற்றளவு எதற்கு என்ற கேள்விக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்தது.

மூன்றாம் வேலை: கணக்கிடுதல்

முன் சக்கரங்களில் இடப்பக்கச் சிலிண்டர் முற்றிலும் வீணாகியிருந்தது. ஒரு கடைக்காரர் 1⅛ அங்குலச் சிலிண்டர் ஒன்றைக் காட்டி, “அரைக்கால் அங்குலம்தானே, பொருந்திவிடும்” என்றார். போல்ட் துளைகள் பொருந்தவும் செய்தன. வாங்கலாமா என்பதை வகுப்பிடமே விட்டேன்.

பாஸ்கல் விதிப்படி மூடிய குழாயில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். எனவே இரு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம். விசை என்பது அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கி வருவது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, விசைகளின் விகிதம் (9/8)² = 81/64, ஏறத்தாழ 1.27. இடப்பக்க ஷூவை மட்டும் 27 விழுக்காடு கூடுதல் விசை தள்ளும். பிரேக் மிதித்தால் லாரி இடப்பக்கம் இழுக்கும். சாலையோரம் நடந்து போகிறவர்கள் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். “வேண்டாம் சார்” என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. பழைய சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, 1 அங்குல உள்விட்டத்துக்கு ஸ்லீவ் போட்டுத் தந்தது லேத் பட்டறை.

வகுப்பறையில் செய்யத்தக்க இரு சோதனைகள்

1. ஒரே ரப்பர் கப்பை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைப் பிரேக் ஆயிலிலும் மற்றதை எஞ்சின் ஆயிலிலும் மூடிய கண்ணாடிப் புட்டிகளில் போட்டு வையுங்கள். சில நாட்கள் கழித்துத் தடிமனை அளந்தால், எஞ்சின் ஆயிலில் கிடந்த துண்டு வீங்கியிருப்பது தெரியும். பெயரில் இரண்டும் ‘ஆயில்’தான் என்றாலும் ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக் கூடாது என்பது விளங்கும்.

2. ஊசியில்லாத இரு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். நடுவே காற்றுக்குமிழி விட்டு மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். காற்று அமுங்குவதால் முதல் அழுத்தம் அதிலேயே போய்விடும். மெக்கானிக்குகள் பிரேக்கில் ‘ஏர் எடுப்பது’ இதற்காகவே.

கவனிக்க வேண்டியவை

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூளை ஊதுவதோ உலர்ந்த நிலையில் தட்டுவதோ கூடாது. சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். டிரம்மைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லவில்லை. பிரேக் ஆயில் கண்ணிலோ தோலிலோ படாமல் ஆசிரியரே கையாள வேண்டும். பாகங்களைப் பூட்டுவதும் ஓட்டிச் சோதிப்பதும் மெக்கானிக்கின் பொறுப்பு. மாணவர் பங்கு அளப்பதும் கணக்கிடுவதும் பட்டியல் எழுதுவதுமே.

இந்தப் பாடத்தில் அதிகம் பேசியவர்கள், வழக்கமாகக் கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பிள்ளைகள். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் அவர்கள் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்கள். பாஸ்கல் விதி தங்களுக்குத் தெரிந்த பொருளுக்குள்தான் இருக்கிறது என்று கண்டதும் அவர்களே மற்றவர்களுக்கு விளக்கினார்கள்.

எல்லா ஊரிலும் பழைய லாரி கிடைக்காது. சைக்கிள் கடை, மோட்டார் காயில் கட்டும் கடை, தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் இடம் என ஏதேனும் ஒன்று நிச்சயம் இருக்கும். எந்தக் கடைக்காரர் ‘என்ன சைஸ்?’ என்று கேட்கிறாரோ, அவர் கடையிலிருந்து உங்கள் அளவீட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.