தோல் செதில் உதிர்ந்தால் கந்தகம் பூசலாமா?

பனிக்காலத்தில் கை, கால் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தால், "கந்தகத்தைப் பொடிச்சு எண்ணெயில குழைச்சுப் பூசு" என்பார்கள். நாம் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். கந்தகம் மேல்தோலை உரிக்கும். வெறும் வறட்சிக்குப் பூசினால் இன்னும் வறண்டு எரியும். அதற்குக் குளித்த ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெய் தடவுவோம்.

ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கில் கொப்புளம் வந்து, வீட்டில் மற்றவருக்கும் பரவினால் அது சிரங்காக இருக்கலாம். இதற்குக் கந்தகக் களிம்பு (5 முதல் 10 சதவீதம்) உதவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவர் சொன்னபடி தொடர்ந்து 3 இரவு, வீட்டார் எல்லாரும் ஒரே நேரத்தில் பூசணும். துணி, போர்வையை வெந்நீரில் துவைக்கணும்.

பயிருக்குத் தெளிக்கும் கந்தகத்தூளை உடம்பில் பூசவே கூடாது. பிள்ளைகளுக்குப் பூசாமல் பார்த்துக்கொள்வோம்!